மலர்ப் பள்ளத்தாக்கு

ஆண்டு முழுவதும் ஏட்டிலும் தொழிலிலும் ஆழ்ந்திருப்போர், ஆண்டிற்கு ஒரு முறையேனும் மலைநாடு நோக்கிச் சென்று சில நாள் தங்கி வருதல் உடலுக்கும் உள்ளத்திற்கும் நலம் பயக்கும். தனித்துச் செல்வதினும், மனமொத்த நண்பர் சிலர் கூடிச் செல்வது இன்பத்தோடு பாதுகாப்பையும் அளிக்கும். இமயமலையில் உள்ள மலர்ப் பள்ளத்தாக்கிற்கு இவ்வாறு ஆண்டுதோறும் ஆடி, ஆவணித் திங்களில் நடந்து செல்லும் நண்பர் குழாங்கள் பல உள்ளன. சென்ற ஆண்டு கண்ட மலர் இவ்வாண்டும் அவ்விடத்தே மலர்ந்துள்ளதா என்று அறியும் ஆவல் அவர்களை மீண்டும் மீண்டும் அங்கே ஈர்க்கின்றது.

இப்பள்ளத்தாக்கு உத்தரகண்ட மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில் உள்ளது. கடல் மட்டத்திற்கு மேல் 3,000 மீட்டருக்கும் மிக்க உயரத்தில், பனிமுடி தரித்த மலைகள் இருமருங்கும் காவல் புரிய, நடுவே புஷ்பாவதி என்னும் ஆறு ஓடுகின்றது. பெயருக்கேற்ப அவ்வாற்றின் கரையெங்கும் பூக்களே நிறைந்துள்ளன. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பூச்செடி வகைகள் இங்கு வளர்வதாகத் தாவர நூல் வல்லார் கணக்கிட்டுள்ளனர்.

மலையடிவாரத்து ஊரினரும் ஆடு மேய்ப்போரும் இவ்விடத்தை வழிவழியாக அறிந்திருந்தனர். வெளியுலகம் இதனை அறிந்ததும் நண்பர் கூட்டம் ஒன்றினாலேயாம். 1931 ஆம் ஆண்டில் பிராங்க் சுமைத், எரிக் சிப்டன், ஓல்ட்சுவர்த் முதலிய ஆங்கிலேயர்கள் 7,756 மீட்டர் உயரமுள்ள காமெத் சிகரத்தில் ஏறி வெற்றி கண்டனர். திரும்பும் வழியில் அவர்கள் ஒரு கணவாயைக் கடந்து, மழையும் மூடுபனியும் சூழ இறங்கி வந்தபொழுது, தங்கள் கால்கள் மலர்ப் பரப்பின்மீது நடப்பதைக் கண்டு வியந்தனர். பாறையையும் பனியையுமே பல நாள் கண்டு சலித்த கண்களுக்கு அக்காட்சி பெருவிருந்தாயிற்று. அதனை மறக்கவியலாத சுமைத், 1937 ஆம் ஆண்டில் மீண்டும் அங்கு வந்து தங்கிச் செடிகளையும் விதைகளையும் திரட்டினார். அடுத்த ஆண்டில் அவர் இப்பள்ளத்தாக்கின் பெயராலேயே ஒரு நூல் வெளியிட்டார். அதன் பின்னரே இவ்விடத்தின் புகழ் உலகெங்கும் பரவியது.

பள்ளத்தாக்கிற்குச் செல்ல விரும்புவோர், அலகநந்தை ஆற்றின் கரையில் உள்ள கோவிந்தகாட் என்னும் ஊரை முதலில் அடைதல் வேண்டும். அங்கிருந்து புல்னா என்னும் சிற்றூர் வரையில் ஊர்தி செல்லும். அதற்கப்பால் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவு மலைப்பாதையில் ஏறினால் காங்கரியா என்னும் இடத்தை அடையலாம். இரவு தங்குதற்குரிய இடம் அதுவே. பள்ளத்தாக்கினுள் எவரும் இராத் தங்குதல் கூடாது என்பது விதி. காலையில் சீட்டுப் பெற்று உள்ளே சென்று, பொழுது சாயுமுன் காங்கரியாவிற்குத் திரும்பிவிடல் வேண்டும். காங்கரியாவிலிருந்து மற்றொரு வழியாக ஏறினால், சீக்கியர்கள் போற்றும் ஏமகுண்டம் என்னும் ஏரியையும் அதன் கரையிலுள்ள குருத்துவாரத்தையும் காணலாம்.

இத்துணை மலர்கள் ஓரிடத்தில், ஒரு காலத்தில் பூப்பதற்குக் காரணம் யாது? ஆண்டின் பெரும்பகுதியில் இப்பள்ளத்தாக்குப் பனியால் மூடப்பட்டுக் கிடக்கின்றது. அப்பனிப் போர்வையின் கீழ் விதைகளும் வேர்களும் கிழங்குகளும் கடுங்குளிர்க் காற்றினின்று காக்கப்பட்டு உறங்குகின்றன. கோடையில் பனி உருகி மண் நனைகின்றது. பின்னர்த் தென்மேற்குப் பருவமழையும் பெய்கின்றது. செடிகளுக்குக் கிடைப்பவை சில திங்களே. அதற்குள் அவை முளைத்து, தழைத்து, பூத்து, விதையையும் முதிர்வித்துவிடல் வேண்டும். மீண்டும் பனி விழுமாயின் அவ்வாண்டின் வாழ்வு முடிந்தது. ஆதலின் அவை யாவும் ஒன்றோடொன்று போட்டியிடுவனபோல் விரைந்து மலர்கின்றன. எனினும் எல்லாம் ஒரே நாளில் மலர்வதில்லை. ஒருவகை வாட, மற்றொருவகை அவிழும். இதனால் பள்ளத்தாக்கின் நிறம் வாரந்தோறும் மாறுகின்றது. ஆண்டுதோறும் செல்லும் நண்பர்கள் பத்து நாள் முந்தியோ பிந்தியோ செல்வாராயின், முன்பு காணாத புதிய காட்சியைக் காண்பர்.

அங்குள்ள மலர்களுள் நீலக் கசகசா மலர் பெரிதும் போற்றப்படுவது. மெல்லிய நீல இதழ்களையுடைய அதன் தண்டு முழுவதும் முட்களால் நிறைந்திருக்கும். இன்னும் உயரத்தில், ஏமகுண்டத்தை அடுத்த பாறைச் சரிவுகளில் பிரம்மகமலம் பூக்கின்றது. இது பெயரால் தாமரையாயினும் நீரில் வளர்வதன்று; சூரியகாந்தியின் இனத்தைச் சார்ந்தது. மங்கிய வெண்ணிறமுடைய தாள் போன்ற மடல்கள் பூங்கொத்தைச் சுற்றி மூடியுள்ளன. அம்மடல்கள் ஞாயிற்றின் ஒளியை உள்ளே விடுத்து, குளிரையும் மழையையும் தடுத்து, உள்ளிருக்கும் சிறு பூக்களைக் காக்கின்றன. உத்தரகண்ட மாநிலத்தின் மலராக விளங்குவதும் இதுவே.

அழகுள்ள இடத்தே அபாயமும் உண்டு. கியூ தாவரத் தோட்டத்தின் சார்பில் சோன் மார்கரெட் லெக் என்னும் ஆங்கில அம்மையார் 1939 ஆம் ஆண்டில் இங்கு வந்தார். அவருக்கு அப்போது வயது 54. மலர்களைத் திரட்டிக் கொண்டிருந்த அவர், அவ்வாண்டு ஜூலைத் திங்களில் பாறைச் சரிவொன்றில் கால் வழுக்கி விழுந்து உயிர் துறந்தார். அவரை அப்பள்ளத்தாக்கிலேயே அடக்கம் செய்தனர். பின்னர் அவருடைய உடன்பிறந்தாள் நெடுந்தொலைவு பயணம் செய்து வந்து, அவ்விடத்தில் ஒரு நினைவுக்கல் நாட்டினார். இன்றும் அங்குச் செல்வோர் அக்கல்லின் அருகே சிறிது நேரம் வாய் பேசாது நிற்பர்.

2013 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பெய்த பெருமழையால் இம்மலைப் பகுதியின் வழிகளும் பாலங்களும் அழிந்தன. வழி செப்பனிடப்பட்ட பின்னரே பள்ளத்தாக்கு மீண்டும் திறக்கப்பட்டது. ஆதலால் மழைக்காலத்தில் மலையேறுவோர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். வலியவர் முன்னே விரைந்து ஓடுதல் தகாது. குழுவில் மெலிந்தவர் எவரோ, அவர் நடைக்கேற்ப ஏனையோர் நடத்தல் முறை. ஒருவருக்குத் தலைவலியோ மூச்சுத் திணறலோ தோன்றுமாயின், மேலே ஏறுவதை விடுத்து, அவரைக் கீழே அழைத்துச் செல்லுதல் வேண்டும். மலர் அடுத்த ஆண்டும் பூக்கும்; இழந்த நண்பனை எந்த ஆண்டிலும் பெறுதல் இயலாது.

இப்பள்ளத்தாக்கைக் காக்கும்பொருட்டு அரசினர் 1982 ஆம் ஆண்டில் இதனைத் தேசியப் பூங்காவாக அறிவித்தனர். 2005 ஆம் ஆண்டில் இஃது உலக மரபுச் சின்னங்களின் வரிசையிலும் இடம்பெற்றது. பூங்கா அமைந்த பின்னர் ஆடு மாடு மேய்த்தல் தடுக்கப்பட்டது. அதன் பின் எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஆளுயரம் வளரும் ஒருவகை முரட்டுச் செடி அடர்ந்து பரவி, சிறு மலர்ச்செடிகளுக்கு ஒளியும் இடமும் இல்லாமற் செய்தது. மேய்ச்சல் நின்றமையே இதற்குக் காரணம் என்பர் அறிஞருள் சிலர். அதனை மறுப்போரும் உளர். வனத்துறையினர் அச்செடியைப் பிடுங்கி அகற்றும் பணியை மேற்கொண்டுள்ளனர். வேலியிட்டுக் காத்தால் மட்டும் போதாது என்பதும், இயற்கையின் நுட்பத்தை இடைவிடாது கற்றல் வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

காண்போர் செய்யத்தக்க கடமையும் உண்டு. ஒரு மலரைக் கொய்வார்க்கு அது சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் அச்செடி பல திங்கள் பனியின் கீழ்க் காத்திருந்து ஈன்ற மலர் அது. அதனுள் வருங்காலத்திற்குரிய விதைகள் அடங்கியுள்ளன. கொய்த கை அவ்விதைகளையும் சேர்த்தே அழிக்கின்றது. வகுத்த வழியை விட்டு விலகி வைக்கும் ஓரடி பல முளைகளை நசுக்கிவிடும். ஆதலின் நன்னெறி அறிந்த நண்பர் குழாத்தினர், கொண்டுசென்ற பொருளின் எச்சம் ஒன்றையும் அங்கு எறியாது திரும்பக் கொணர்வர். மலரைக் கண்ணால் மட்டுமே கவர்வர். அடுத்த ஆண்டு அதே வழியில் அவர்கள் ஏறிச் செல்லும்பொழுது, பனியுறக்கம் நீங்கிய செடிகள் அவர்கட்கென மீண்டும் பூத்து நிற்கும்.