கழற்றி வைக்கும் ஸீட்!

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் பல வீடுகளில் நடக்கும் காட்சி இது.

ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை. வாசலில் கார் நிற்கிறது. பெரியபாளையத்து அம்மனுக்குப் பொங்கல் வைக்கக் குடும்பமே புறப்படுகிறது.

பானை வந்தது. அரிசி மூட்டை வந்தது. விறகு, பாய், தண்ணீர்க்குடம் எல்லாம் வந்தன. வைக்கத்தான் இடம் இல்லை!

"கடைசியில் இருக்கிற ரெண்டு ஸீட்டையும் கழட்டிடுடா, ராசா" என்கிறாள் பாட்டி.

மகன் கழற்றுகிறான். சாமான் முழுவதும் ஏறிவிட்டது. ஆனால் ஆட்கள்? ஏழு பேர் நிற்கிறார்கள். மீதி இருப்பதோ ஐந்து ஸீட்.

"சின்னப் பிள்ளைங்கதானே! மூட்டை மேலே உட்கார்ந்து வரட்டும்" என்கிறார் தாத்தா.

ஆபத்து இங்கேதான் ஏறி உட்காருகிறது.

உருளைக்கிழங்கு மூட்டை

ஸீட்டைக் கழற்றுவது தவறு அல்ல. அது பழைய யோசனை.

பிரான்சு நாட்டில் சிட்ரோயன் கம்பெனியின் தலைவராக இருந்தவர் பூலாஞ்சே. குடியானவர்களுக்காக ஒரு சின்னக் கார் செய்யச் சொன்னார். இரண்டு பேரையும், 50 கிலோ உருளைக்கிழங்கையும் அது சுமக்க வேண்டும். உழுத நிலத்தில் ஓட்டினாலும் கூடையில் உள்ள முட்டை உடையக் கூடாது!

அந்தக் கார் 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்தது. பெயர் "2 சி.வி." அதன் ஸீட்டை எளிதாகக் கழற்றலாம். பின்னால் மூட்டை ஏற்றலாம். தோப்புக்குப் போனால் அதே ஸீட்டைப் புல்லில் போட்டு உட்காரவும் செய்யலாம்!

திருவள்ளூரில்

திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் ஒரு கார் தொழிற்சாலை இருக்கிறது. 1998-ல் அங்கே "லான்சர்" கார் உருவானது. பிறகு "பஜேரோ" வந்தது. அதே இடத்தில் பின்னால் சிட்ரோயன் கார்களும் உருவாயின.

2023-ல் வந்த "சி3 ஏர்கிராஸ்" காரில் ஏழு ஸீட் உள்ள வகை உண்டு. கடைசி வரிசையில் உள்ள இரண்டு ஸீட்டையும் தூக்கி வெளியே வைத்துவிடலாம். அப்போது பின்னால் 511 லிட்டர் இடம் கிடைக்கும். 15 லிட்டர்க் குடமாகக் கணக்குப் போட்டால் 34 குடம்! நடு வரிசையையும் மடக்கினால் 839 லிட்டர்.

ஒரகடத்தில் தயாராகும் "ரெனோ டிரைபர்" காரிலும் இந்த வசதி உண்டு. அது வந்தது 2019-ல்.

மூன்று மாடி உயரம்

ஸீட் என்பது வெறும் மெத்தை அல்ல. அதைத் தரையோடு பிடித்து நிறுத்தும் இரும்புக் கொக்கி, மார்புக்குக் குறுக்கே வரும் பெல்ட், தலையைத் தாங்கும் திண்டு எல்லாம் சேர்ந்ததே ஸீட். அதைக் கழற்றிய இடத்தில் உட்காரும் குழந்தைக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே இருக்கும் குழந்தை நிற்காது. அதே வேகத்தில் முன்னால் பாயும். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுந்தால் என்ன வேகமோ அந்த வேகம்! கட்டாத பானையும் விறகும் அப்படியே பாயும். ஜி.என்.டி. ரோட்டில் யார் 50-ல் போகிறார்கள்?

2022 செப்டம்பர் 4-ந் தேதி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே ஒரு பெரிய கார் பாலத்தில் மோதியது. பின் ஸீட்டில் இருந்த தொழில் அதிபர் சைரஸ் மிஸ்திரியும் அவருடைய நண்பரும் இறந்தார்கள். இருவரும் பெல்ட் போடவில்லை என்று போலீசார் கூறினார்கள். முன் ஸீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள்.

14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட் போடாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். 2019-ல் திருத்திய சட்டம் இது.

"டக்" என்று கேட்க வேண்டும்

கழற்றிய ஸீட்டை வீட்டில் துணி போட்டு மூடி வையுங்கள். எலி கடிக்கும்!

திரும்ப மாட்டும்போது அவசரம் கூடாது. முதலில் தரையில் உள்ள கொக்கிக் குழியைத் துடைக்க வேண்டும். நாலு அரிசியும் கொஞ்சம் மணலும் சேர்ந்தாலே பூட்டுச் சரியாக விழாது. "டக்" என்று சத்தம் கேட்ட பிறகும், ஸீட்டை இரு கையாலும் பிடித்து மேலே இழுத்து, ஆட்டிப் பார்க்க வேண்டும். அசைந்தால் அதில் யாரும் உட்காரக் கூடாது.

ஒர்க் ஷாப்பில் வெல்டிங் வைத்துப் புது ஸீட் மாட்டுவது வேறு விஷயம். ஆர்.சி.யில் எத்தனை ஸீட் என்று எழுதியிருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை அதற்கு மாறாகத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

அப்படியானால் பெரியபாளையம் போகும் குடும்பம் என்ன செய்வது?

அம்மனுக்கு வைக்கும் பானை காரில் போகட்டும். பாட்டியும் பிள்ளைகளும் பெல்ட் போட்டு ஸீட்டில் போகட்டும். தாத்தாவும் மாமாவும் பஸ்ஸில் ஏறிக் கொள்ளட்டும். பொங்கல் பொங்குவதற்குள் வந்து சேர்ந்துவிடுவார்கள்!