ஓயாத கரப்பானும் ஒரு டப்பா வாசலினும்

போன ஆவணியில் என் பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்து, ஆரத்தி எடுத்து உள்ளே வந்ததும் முதல் காரியமாக என் மாமியார் மடியில் போடப் போனேன். அவருக்கு வயது 71. சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். "வேண்டாம்மா, பச்சை உடம்பு. என் கரப்பான் அதுக்கு வேற ஒட்டணுமா? நான் தள்ளி உட்கார்ந்தே பார்த்துக்கறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷமாக அத்தை தனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு வைத்துக்கொண்டிருக்கிறார். கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை. யாரும் அப்படி இருக்கச் சொல்லவில்லை. ஆனால் 'வேண்டாம் அத்தை' என்று நானும் ஒரு நாள் சொன்னதில்லையே!

நம் பெரியவர்கள் கரப்பான் என்று சொல்வதைத்தான் டாக்டர்கள் எக்சிமா என்கிறார்கள். அது ஒட்டுவாரொட்டி இல்லை. தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. ஆனால் பார்க்க அதே மாதிரி இருக்கிற படர்தாமரையும் சொறி சிரங்கும் கட்டாயம் ஒட்டும். வட்டமான எக்சிமாவைப் படர்தாமரை என்றும், படர்தாமரையை எக்சிமா என்றும் நினைத்துக் கைவைத்தியம் செய்கிற வீடுகள் எத்தனையோ. ஆகவே இது எது என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

என் பெண்தான் பிடிவாதமாக அத்தையைக் கிளப்பினாள். மறைமலை நகரில் மின்சார ரயில் ஏறினால் சிங்கப்பெருமாள் கோவில், பரனூர், அடுத்தது செங்கல்பட்டு. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. காலைச் சுரண்டிச் செதிலை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். சர்க்கரை உண்டா, கால் நரம்பு புடைத்திருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது ராத்திரியில் அரிக்கிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டரம்மா வரிசையாகக் கேட்டார். சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் நீர் பிரிகிற மாத்திரைகளும்கூட வயதானவர்களுக்கு இந்த அரிப்பைக் கொண்டு வருமாம். அதற்காக நாமாக நிறுத்திவிடக்கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

வயதாக ஆகத் தோலில் எண்ணெய்ப் பசை சுரப்பது குறைந்துவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே இது சீக்கிரம் தெரியும். கோடையில் வற்றின ஏரியில் களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்குமே, அத்தையின் கால் அப்படித்தான் இருந்தது. வெடிப்பு வழியே ஈரம் வெளியே போகிறது, சோப்பும் அழுக்கும் உள்ளே போகின்றன. அரிக்கிறது, சொறிகிறோம், தோல் தடிக்கிறது, இன்னும் அரிக்கிறது. நரம்பு புடைத்து, கணுக்கால் வீங்கி, தோல் கறுத்து வருகிற இன்னொரு வகையும் உண்டு. அதற்குக் காலை உயர்த்தி வைத்துக்கொள்வதும், டாக்டர் பார்த்துச் சொன்னால் இறுக்கமான காலுறை போடுவதும்தான் பாதி வைத்தியம்.

இப்போது எங்கள் முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் அரிப்பு என்று ஆரம்பித்த நாளில் ஒரு மருந்துக் கடையில் கேட்டோம், ஒரு ட்யூப் கொடுத்தார்கள். தடவின மூன்றாம் நாள் மாயமாக மறைந்துவிட்டது! நிறுத்தின பத்தாம் நாள் முன்னைவிட அதிகமாக வந்தது. காலி ட்யூபைக் கொண்டு போய்க் காட்டினால் மறு பேச்சில்லாமல் புது ட்யூப். வாங்கி வந்தது சாட்சாத் நான்தான். இப்படியே மூன்று வருஷம் ஓட்டினோம். அத்தையின் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. கட்டில் கால் லேசாக உரசினாலே கிழிந்து ரத்தம் வரும். அது குளோபீட்டசால் என்ற மிகக் கடுமையான ஸ்டீராய்டு என்று டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது. இந்த மாதிரிக் களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. உத்தரவு அங்கே இருக்கிறது, காலி ட்யூப் இங்கே இருக்கிறது!

அதற்காக ஸ்டீராய்டே விஷம் என்று பயந்து ஓடுவதும் தப்புதானாம். எந்த வீரியம், எந்த இடத்தில், எத்தனை நாள் என்பதுதான் கணக்கு. காலுக்குக் கொடுத்ததை முகத்திலோ அக்குளிலோ போடக்கூடாது. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை களிம்பைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். அத்தைக்கு வீரியம் குறைந்ததாக ஒன்றை எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் தினம் ஒரு வேளை, அப்புறம் வாரத்தில் இரண்டே நாள் என்று குறைத்தார்கள்.

மீதி வேலையெல்லாம் நம் குளியலறையில்தான். சுடச்சுடத் தண்ணீர் விட்டால் அரிப்புக்கு அந்த நிமிஷம் சொர்க்கம் மாதிரி இருக்கும், ஆனால் இருக்கிற எண்ணெய்ப் பசையும் அதோடு போய்விடும். வெதுவெதுப்பாகப் பத்து நிமிஷத்துக்குள் குளித்துவிட வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, பாதம் தவிர மற்ற இடத்துக்குச் சோப்பு வேண்டாம். பீர்க்கங்கூடு அறவே கூடாது. துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிஷத்தில், வாசலினை வழித்துத் தடவ வேண்டும். சொறிகிற திசையில் அல்ல, முடி படிகிற திசையில், மேலிருந்து கீழாக. ராத்திரி படுக்கும்போது இன்னொரு தடவை. களிம்பு வாரத்தில் இரண்டு நாள்தான், வாசலின் ஒரு நாளும் தவறக்கூடாது.

"தேங்காயெண்ணெய் போதாதா?" என்று அத்தை கேட்டார். தாராளமாகத் தடவலாம். பிலிப்பைன்ஸ் நாட்டில் வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒரே மாதிரி பலன் தந்ததாக 2004-ல் எழுதியிருக்கிறார்கள். கடையில் அழகழகான பாட்டிலில் விற்கிற வாசனைக் க்ரீம்தான் நமக்கு ஆகாது, அந்த வாசனையே சிலருக்கு அரிப்பைக் கிளப்பும்.

எங்கள் தெருவில் போர் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளையாக உப்புப் படியும். இதுதான் காரணம் என்று தண்ணீரை மிருதுவாக்குகிற இயந்திரம் வாங்க என் வீட்டுக்காரர் விலையே விசாரித்துவிட்டு வந்தார். எக்சிமா உள்ள 336 குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் இதைச் சோதித்துப் பார்த்து, இயந்திரத்தால் எக்சிமா ஒன்றும் கூடுதலாகக் குறையவில்லை என்று 2011-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பெரியவர்களை வைத்துச் செய்த சோதனை இல்லைதான். இருந்தாலும் அந்தப் பணத்துக்கு எத்தனை டப்பா வாசலின் வாங்கலாம்!

அடுத்தது கரப்பான் பண்டம். கத்தரிக்காய், கருவாடு, சோளம் என்று ஆரம்பித்து மீன், முட்டை, பால் வரைக்கும் அத்தை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, கடைசியில் ரசம் சாதத்தில் வந்து நின்றார். உடம்பு துரும்பாகப் போனதே தவிர அரிப்பு போகவில்லை. இந்த வயதில் வருகிற எக்சிமாவுக்குச் சாப்பாடு காரணமாக இருப்பது அபூர்வம் என்றார் டாக்டரம்மா. ஒரு பதார்த்தம் சாப்பிடும்போதெல்லாம் நிச்சயமாக அதிகமாகிறது என்றால் அதை மட்டும் விட்டால் போதும். அன்று சாயங்காலமே எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தேன். அத்தை முதல் வாய் சாப்பிடும்போது என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள், எழுதினால் எனக்கு அழுகை வரும்.

சித்த வைத்தியம் பார்க்க நினைப்பவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது. போகிறவர்கள் ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டையும் கொண்டு போய்க் காட்டுங்கள். பெயர் ஒட்டாத எண்ணெயும் பொடியும் யார் கொடுத்தாலும் வாங்கவே வாங்காதீர்கள்.

வீட்டில் இரண்டு ஜாக்கிரதை அவசியம். எண்ணெய்க் காலோடு பெரியவர்கள் மொசைக் தரையில் நடந்தால் விழுந்து இடுப்பெலும்பு முறியும். தடவினபின் கால் மணி உட்காரவைத்து, பருத்திக் காலுறை மாட்டி, ரப்பர் செருப்பைப் போட்டு எழுப்புகிறேன். தூக்கம் வருகிற அரிப்பு மாத்திரையாலும் ராத்திரி தள்ளாடி விழுவார்கள். இன்னொன்று நெருப்பு. வாசலினோ எண்ணெயோ ஊறின புடவை, போர்வையில் தீப்பிடித்தால் மளமளவென்று எரியும் என்று 2018-ல் பிரிட்டன் அரசே எச்சரித்தது. அடுப்படியிலும் விளக்கேற்றும்போதும் கவனம் வேண்டும்.

நீர் வடிந்தாலும், மஞ்சளாகப் பொருக்குக் கட்டினாலும், சிவந்து சூடாகப் பரவினாலும், காய்ச்சல் அடித்தாலும், பெரிய பெரிய கொப்புளம் கிளம்பினாலும் வாசலினை நம்பி உட்காராமல் டாக்டரிடம் ஓடுங்கள். சர்க்கரை இருந்தால் இன்னும் அவசரம்.

அத்தைக்குப் பூரணமாகக் குணமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. மார்கழிப் பனியில் மறுபடி வந்தது. இரண்டு வாரம் தினமும் களிம்பு போட்டு, இப்போது செவ்வாயும் வெள்ளியும் மட்டும். தனித் தட்டைப் பரணில் போட்டுவிட்டேன். வாசலின் தடவி, பழைய வேட்டித் துணி விரித்து, கொள்ளுப்பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது இந்த மாதத்திலிருந்து அத்தையின் வேலை. "தண்ணி சூடு ஜாஸ்தி, விளாவு" என்று தினமும் எனக்குத் திட்டு விழுகிறது.