மூணுல சிக்ஸர்... நாலுல டக் அவுட்!

'இன்னும் ஒரே ஒரு நாள் ஆடிட்டு நிறுத்திடலாம்!' என்று சொல்லிச் சொல்லியே விடிய விடிய கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஆளா நீங்க? அப்போ 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்' பேரைக் கேட்டதுமே உங்க கை மவுஸைத் தேடும். அதிலும் மூணாம் பாகம், இருபத்தைந்து வருஷம் தாண்டியும் மவுசு குறையாத ஆட்டம்! ஆனா, 'நாலாம் பாகம்' என்றால் மட்டும் பழைய ரசிகர்கள் முகம் சுருங்கும். ஏன்? வாங்க பார்ப்போம்.

மூணுல என்ன மாயம்?

அமெரிக்காவில் ஜான் வான் கேனகெம் தொடங்கிய 'நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங்'தான் இந்த சீரிஸின் தாய்வீடு. முதல் பாகம் 1995, ரெண்டாவது 1996, மூணாவது 1999.

ரூல்ஸ் ரொம்ப சிம்பிள். ஒரு ஹீரோ, பின்னால ஒரு படை. மேப்பில் சுற்றித் தங்கமும் மரமும் சேர்க்கணும். ஊருக்குள் ஒரு நாளைக்கு ஒரே ஒரு கட்டடம். வாரம் பிறந்தால் புது வீரர்கள் ரெடி! மொத்தம் 8 வகை ஊர். ஒவ்வொன்றிலும் 7 படி வீரர்கள், ஒவ்வொரு படிக்கும் ஒரு 'அப்கிரேடு'. ஆக ஊருக்கு 14 வகை. போதாததற்கு, ஒரே கம்ப்யூட்டரில் நண்பர்கள் மாறி மாறி உட்கார்ந்து ஆடும் 'ஹாட் சீட்' வேற. கேட்கணுமா?

நாலுல என்ன ஆச்சு?

2002-ல் வந்தது நாலாம் பாகம். கதையிலேயே ரெண்டு மாய வாள்கள் மோதி, பழைய உலகம் வெடித்துச் சிதறும். தப்பித்தவர்கள் புது உலகத்துக்கு ஓடுவார்கள். அதே வேகத்தில் ரூல்ஸையும் வெடிக்க வெச்சுட்டாங்க!

அதுவரை ஓரமாக நின்று மந்திரம் போட்ட ஹீரோ, இப்போ களத்தில் இறங்கி அடிவாங்க ஆரம்பித்தார். கொஞ்சம் வளர்த்துவிட்டால் போதும், தனி ஆளாகவே ஒரு படையைத் துவம்சம் பண்ணுவார். அப்புறம் படை எதுக்கு பாஸ்?

'அப்கிரேடு' காலி. 8 ஊர் 6 ஆச்சு. எலும்புக்கூடும் சாத்தானும் ஒரே ஊரில் குடித்தனம்! எலும்பு டிராகன் வேணுமா, டெவில் வேணுமா? ஒன்றை எடுத்தால் அந்த ஊரில் இன்னொன்று கிடையாது. யோசித்துப் பார்த்தால் நல்ல ஐடியாதான். ஆனா, 'எல்லாத்தையும் கட்டி முடிச்சிட்டேன்' என்கிற அந்தக் கெத்து போச்சே! இதெல்லாம் போகட்டும், கம்ப்யூட்டர் எதிரிக்குச் சரியா ஆடவே தெரியல. நண்பர்களோட மோதலாம்னா, கேம் வெளிவந்த அன்று மல்டிபிளேயரே இல்லை. பின்னாடி பேட்ச்சில்தான் ஒட்ட வெச்சாங்க.

யார் குத்தம்?

நியூ வேர்ல்டை 1996-லேயே '3டிஓ' என்கிற கம்பெனி வாங்கியிருந்தது. நாலாம் பாகம் தயாரான நேரத்தில் அந்த 3டிஓ பணக் கஷ்டத்தில் தத்தளித்தது. 2003-ல் திவால்! 'ஹீரோஸ்' உரிமையை 13 லட்சம் டாலருக்கு யுபிசாஃப்ட் அள்ளிக்கொண்டது. புது ஐடியாக்களை உரசிப் பார்த்துச் சரிபண்ண நேரம் வேணும். அதுக்குப் பணம் வேணும். ரெண்டும் இல்லாத வீட்டில் பிறந்த பிள்ளை அது.

அப்புறமாவது திருந்தினாங்களா?

பாதி! 2006-ல் ரஷ்யாவின் நிவால் செய்த அஞ்சாம் பாகம், மூணாம் பாகத்தின் பாதைக்கே 3டி-யில் திரும்பியது. பேரும் வாங்கியது. 2011-ல் வந்த ஆறாம் பாகத்தில் ஊர் வெறும் அஞ்சு. ஏழு வகை வளங்கள் நாலாகச் சுருங்கின. ரசிகர்கள் ஆசையாகப் பார்க்கும் முழுத்திரை ஊர்க் காட்சி, சின்ன ஜன்னலாகிப் போச்சு. ஏழாம் பாகம் 2015-ல் வந்தபோது, எதிரிப் படையைவிட 'பக்'குகளின் தொல்லைதான் பெருசு!

அதே 2015-ல் மூணாம் பாகத்தையே 'ஹெச்டி' சட்டை போட்டு விற்றார்கள். அதில் கூடுதல் பாகங்கள் ரெண்டும் இல்லை. கம்பெனி கைவிட்டதை யார் காப்பாற்றினாங்க தெரியுமா? ரசிகர்கள்! 'ஹார்ன் ஆஃப் தி அபிஸ்' என்ற பெயரில் அவர்களே புது ஊரும் புது வீரர்களும் சேர்த்து, இலவசமாகக் கொடுத்தார்கள்.

நாளைக்கு நீங்களும் ஒரு கேமோ, ஆப்போ, குறும்படமோ செய்யப் போறவங்கதான். அதனால ஒண்ணு கவனிங்க. நாலாம் பாகம் பழசை மாற்றியதால் மட்டும் தோற்கவில்லை. எதை மாற்றினால் மத்ததெல்லாம் ஆட்டம் காணும் என்று பார்க்க நேரமில்லாமல், அரைவேக்காட்டில் கடைக்கு வந்ததால் தோற்றது. ஏழாம் பாகம் பழைய ரூல்ஸைக் கட்டிப்பிடித்தும் 'பக்'கில் விழுந்ததே! சோறு வேகாமல் பந்தி போட்டால், புதுச் சமையலோ பழைய சமையலோ, இலையில் உட்கார்ந்தவர் எழுந்துதான் போவார்.

அதுக்காக நாலாம் பாகத்தை ஒரேயடியா ஒதுக்கிடாதீங்க. பால் ரொமேரோ குழுவின் இசைக்காகவும், கதை சொன்ன விதத்துக்காகவும் ஒருமுறை ஆடலாம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் வேண்டாம், ப்ளீஸ்!