'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறதா ஹார்டு டிஸ்க்? அவசரப்பட்டு ஓகே கொடுக்காதீங்க!

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் பேட்டர்ன் போடும் சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் விண்டோஸில்தான் ஓடுகின்றன. சாம்பிள் ஷூவை வீடியோ எடுத்து எடிட் செய்பவரிடம் மேக் இருக்கலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப்பைக் கொண்டு வரலாம். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. இந்த மூன்றுக்கும் நடுவே கைமாறுவது ஒரே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்.

சிக்கல் அங்கேதான். மேக்கிலோ லினக்ஸிலோ ஃபார்மட் செய்த டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், சில நேரம் டிரைவே கண்ணில் படாது. சில நேரம் 'பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று ஒரு பெட்டி வரும். மேக்கிலும் இதே கதைதான். 'படிக்க முடியவில்லை' என்று சொல்லி, 'இனிஷியலைஸ்' பட்டனைக் காட்டும். பையருக்கு ஃபைல் அனுப்பும் அவசரத்தில் அதை அழுத்தினால், ஒரு சீசனின் டிசைன் மொத்தமும் போய்விடலாம்.

டிஸ்க் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. டிஸ்க்கை ஒரு தோல் குடோன் என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறது என்று எழுதி வைக்கும் லெட்ஜர்தான் 'ஃபைல் சிஸ்டம்'. அந்த லெட்ஜரை உருதுவில் எழுதி வைத்திருக்கிறார்கள், புதிதாக வந்த கணக்குப்பிள்ளைக்கு உருது படிக்கத் தெரியாது. அதற்காக குடோன் காலி என்று ஆகிவிடுமா? 'ஃபார்மட்' கொடுப்பது, பழைய லெட்ஜரைக் கிழித்துவிட்டுப் புதுசு போடுவது.

அப்படி ஒரு பெட்டி வந்தால் 'கேன்சல்' கொடுங்கள். முன்பு எந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்ததோ, அதிலேயே செருகி ஃபைல்களை நகலெடுங்கள்.

எந்த ஃபார்மட்டை யார் படிப்பார்கள்?

ஃபேட்32: மூன்று சிஸ்டமும் படிக்கும், எழுதும். ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபி-யைத் தாண்டக் கூடாது. டிஸ்க்கில் 500 ஜிபி காலியாக இருந்தாலும், 5 ஜிபி வீடியோ ஏறாது.

என்.டி.எஃப்.எஸ்: 1993-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபார்மட். மேக் இதைப் படிக்கும், ஆனால் தனி சாஃப்ட்வேர் இல்லாமல் எழுதாது. ஃபைல் தெரிகிறது, புதுசாகப் போட முடியவில்லை என்றால் காரணம் இதுதான்.

ஏ.பி.எஃப்.எஸ்: 2017-ல் ஆப்பிள் கொண்டு வந்தது. விண்டோஸ் தானாகத் திறக்காது.

இ.எக்ஸ்.டி4: லினக்ஸுக்குச் சொந்தம். விண்டோஸ், மேக் இரண்டும் நேரடியாகப் படிக்காது.

எக்ஸ்ஃபேட்: 2006-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. 4 ஜிபி தடை இல்லை. மேக் 2010 முதல் இதைப் படிக்கிறது, எழுதுகிறது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் இதன் தொழில்நுட்ப விவரங்களை வெளியிட்ட பிறகு, அந்த ஆண்டு நவம்பரில் வந்த லினக்ஸ் 5.4 கெர்னலிலும் சேர்ந்தது. அதற்கு முந்தைய லினக்ஸ் ஓடும் பழைய லேப்டாப்பில் மட்டும் தனியாக ஒரு பேக்கேஜ் போட வேண்டியிருக்கும்.

அப்போ எதைத் தேர்வு செய்வது?

மூன்று சிஸ்டத்துக்கும் சுற்றும் டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட். புது டிஸ்க் வாங்கியதும், ஒரு ஃபைல்கூட ஏற்றும் முன் இதைச் செய்துவிடுங்கள். விண்டோஸில் டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து 'ஃபார்மட்' போய் எக்ஸ்ஃபேட் தேர்வு செய்யலாம். மேக்கில் 'டிஸ்க் யூட்டிலிட்டி' திறந்து 'இரேஸ்' கொடுத்தால் அதே பெயர் இருக்கும். ஏற்கெனவே ஃபைல் இருக்கும் டிஸ்க் என்றால், முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஃபார்மட் மாற்றினால் உள்ளே இருப்பது அழியும்.

எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறை உண்டு. என்.டி.எஃப்.எஸ், இ.எக்ஸ்.டி4 இரண்டும் லெட்ஜரில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். பாதியில் கரண்ட் போனாலும் அதைப் பார்த்துச் சரிசெய்யும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பேடு கிடையாது. காப்பி ஆகும்போதே வயரைப் பிடுங்கினால் ஃபைல் சிதைய வாய்ப்பு அதிகம். 'எஜெக்ட்' கொடுத்த பிறகே கழற்றுங்கள்.

தெரியாமல் அழுத்திட்டேன், என்ன செய்வது?

உடனே நிறுத்துங்கள். அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் ஏற்ற வேண்டாம். 'குவிக் ஃபார்மட்' பெரும்பாலும் லெட்ஜரைத்தான் மாற்றுகிறது. அதனால் சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ரெக்கவரி சாஃப்ட்வேர் மூலம் ஃபைல்களை மீட்க வாய்ப்பு உண்டு. மீட்டவற்றை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். எஸ்.எஸ்.டி என்றால் வாய்ப்பு குறைவு.

எப்படியிருந்தாலும், ஊர் சுற்றும் டிஸ்க்கில் மட்டும் ஒரே பிரதியை வைத்திருக்காதீர்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ கிளவுடிலோ இன்னொரு நகல் கட்டாயம் இருக்கட்டும். டிஸ்க் மேல் 'எக்ஸ்ஃபேட், ஃபார்மட் செய்யாதீர்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால், அடுத்து வாங்குபவரும் தப்பித்துவிடுவார்.