ஒரு குதிரை போதாது

பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த மாணிக்கவாசகர் அந்தப் பணத்தைக்கொண்டு எழுப்பியதாகச் சொல்லப்படும் கோவில் ஆவுடையார்கோவில். அங்கே கற்குதிரைகளுக்குப் பஞ்சமில்லை. இடுப்பில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றைக் காட்டி, "அந்தா பாரு, குதிரை!" என்கிறார் ஒரு தாய். விரல் சுட்டும் இடத்தில் குதிரை மட்டுமா இருக்கிறது? மேலே ஓர் ஆள், கடிவாளம், கால், கருங்கல், தூண் என்று எத்தனையோ இருக்கின்றன. இவற்றில் எது 'குதிரை' என்று பிள்ளை எப்படி அறியும்?

அதற்கு முன்பே இன்னொரு சிக்கல். எழுத்தில் சொற்களுக்கு இடையே இடம் விடுகிறோம், பேச்சில் விடுவதில்லை. "குதிரையப்பாரு", "குதிரகிட்டப்போலாமா" என்று ஒரே ஓட்டமாகத்தான் காதில் விழும். ஜென்னி சாஃப்ரான், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் 1996இல் பொருளற்ற மூன்றசைச் சொற்களை இடைவெளியின்றிக் கோத்து, 8 மாதக் குழந்தைகளுக்கு இரண்டே நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். எந்த அசையை அடுத்து எந்த அசை தவறாமல் வருகிறது என்பதை வைத்தே குழந்தைகள் சொல்லின் எல்லையைப் பிடித்துவிட்டன. பிறகு கேட்கவைத்தபோது, பழகிய சொற்களைவிடப் புதிய கோவைகளை அதிக நேரம் கவனித்ததில் இது தெரிந்தது.

எந்த ஒலி வேறுபாடு தன் வீட்டில் செல்லும் என்பதையும் குழந்தை கணித்துக்கொள்கிறது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் கேட்டு வளர்ந்த குழந்தைகள் 6–8 மாதத்தில் இந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்தறிந்தன. 10–12 மாதத்துக்குள் பெரும்பாலானவை அதை இழந்துவிட்டன. இந்தி கேட்டு வளர்ந்தவற்றிடம் அது நிலைத்தது. 'பத்து', 'பட்டு' என்று பொருளே மாறும் நம் வீடுகளிலும் அந்த வேறுபாடு இல்லாமல் முடியாது.

இனிப் பொருள். 2008இல் லிண்டா ஸ்மித்தும் சென் யூவும் 12, 14 மாதக் குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு உருவங்களைக் காட்டி, இரண்டு புதிய சொற்களைச் சொன்னார்கள். எது எதற்கு என்று சொல்லவில்லை. உருவங்களை மாற்றி மாற்றிக் காட்டக் காட்ட, சேர்ந்தே வந்தவற்றைக் குழந்தைகள் இணைத்துக்கொண்டன. சொல்லைக் கேட்டதும் உரிய உருவத்தையே கூடுதல் நேரம் பார்த்தன. நம் பிள்ளையும் அப்படித்தான். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோவிலின் பெரிய குதிரையைப் பார்க்கும்போதும் அதே சொல் வருகிறது. அங்கே அந்தத் தூண் இல்லை, கருங்கல் நிறம் இல்லை. இரண்டு இடத்திலும் பொதுவாக நிற்பது குதிரையின் வடிவம்.

தமிழ்க் குழந்தை பேச்சுக் கற்றதற்கும் ஒரு பதிவு உண்டு. இந்தியாவின் தொடக்ககாலக் கணினியான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன், பிற்பாடு குழந்தைமொழி ஆய்வில் இறங்கினார். அந்த ஆய்வில் ஒரு தமிழ்க் குழந்தைக்கு 9 மாதம் ஆனதிலிருந்து இரண்டே முக்கால் வயதுவரை நடந்த உரையாடல்கள் பதிவாயின. அவை இன்று 'சைல்ட்ஸ்' என்னும் பன்னாட்டுத் தரவகத்தில் உள்ளன.

அது உரையாடல் என்பதுதான் முக்கியம். 2003இல் பட்ரீசியா குல் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீனமொழியைக் கேட்கவைத்தார்கள். ஆள் எதிரே அமர்ந்து பேசியபோது அதன் ஒலிகள் பிடிபட்டன. அதே பேச்சைத் திரையில் காட்டியபோது பிடிபடவில்லை. குழந்தையின் பார்வை போகும் பக்கம் திரையால் போக முடியாது, மனிதரால் முடியும். நீங்கள் கிண்ணத்தைக் காட்டும் நேரத்தில் அது காக்கையைப் பார்த்தால், கிண்ணத்தை விட்டுவிட்டுக் காக்கையின் பெயரைச் சொல்லுங்கள்.