பாஸ் மீனுக்கு ஆனி வரை பொறுத்திருங்கள்

பங்குனி மாதத்தில் ஆற்றுப் பனி உடைந்து ஓடத் தொடங்கியதும் எம்மவர்கள் பலர் தூண்டிலைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ஐந்து மாதமாக அப்பார்ட்மென்ற் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு வெயிலும் தண்ணீரும் ஒன்றாகக் கிடைத்தால் வீட்டில் இருக்க மனம் வருமா? எங்கள் தொழிற்சாலையிலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், "அண்ணை, இப்ப என்ன மீன் பிடிக்கலாம்?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு முதலில் சொல்ல வேண்டிய பதில், என்ன மீன் பிடிக்கக் கூடாது என்பதுதான்.

ஸ்மோல்மவுத் பாஸ் என்ற மீனைத்தான் சொல்லுகிறேன். சின்ன வாய் என்று பெயர் வைத்தாலும் வாய் அப்படியொன்றும் சிறியதல்ல. மேல்தாடை கண்ணைத் தாண்டிப் போகாது, அவ்வளவுதான். இதன் உறவான லார்ஜ்மவுத் பாஸுக்குத் தாடை கண்ணைத் தாண்டிப் போகும். உடம்பு வெண்கல நிறம். பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கரும் பட்டைகள். கண் பெரும்பாலும் சிவப்பு. கல் நிறைந்து ஓடும் ஆறு இதற்குப் பிடித்த இடம். ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தூரத்தில் பாரிஸ் என்றொரு சிறு பட்டினம் இருக்கிறது (பிரான்சில் உள்ள உறவுகள் கோபிக்க வேண்டாம்). அதனூடாகப் போகும் கிறாண்ட் ஆறு இந்த மீனுக்குப் பேர்போனது. வடக்கே மேட்டு நிலத்தில் தொடங்கி ஈரி ஏரியில் விழும் இந்த ஆற்றை 1994இல் கனடாவின் மரபுரிமை ஆறுகளில் ஒன்றாக அறிவித்தார்கள்.

தெற்கு ஒன்ராறியோவின் ஆறுகளில் பெரும்பாலானவற்றில் இந்த மீனைப் பிடிக்க ஜூன் மாதத்தின் பின்பாதி வரை தடை. ஜூனில் வரும் ஒரு சனிக்கிழமைதான் திறப்பு நாள். அது எந்தச் சனி என்பது வலயத்துக்கு வலயம் வேறுபடலாம், ஆண்டுக்கு ஆண்டும் மாறலாம். ஆகையால் அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒரு குடும்பம் ஒரு மே மாதம் ஆற்றங்கரைக்குப் போனது. வாளியில் மூன்று பாஸ். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். ஆனாலும் தண்டப்பணம் எழுதிக் கொடுத்தார், தூண்டிலையும் எடுத்துக்கொண்டு போனார். அந்த அண்ணையின் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. "இது என்ரை கேஸைப் பாதிக்குமோ?" என்று காண்பவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தார். சட்டத்தரணியைச் சந்திக்கும் வரை இரண்டு கிழமை அவருக்கு நித்திரை இல்லை. மூன்று மீனுக்கு அது பெரிய விலை.

"நாங்கள் பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடத்தானே போகிறோம்?" என்று சிலர் கேட்பார்கள். ஒன்ராறியோவில் அதுவும் கூடாது. மூடிய காலத்தில் அந்த மீனைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே தவறு. வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் தற்செயலாக பாஸ் கொளுவினால் உடனே கழற்றித் தண்ணீரில் விட வேண்டும். படம் எடுப்பதற்காகத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கடுமை? தண்ணீர் ஏறக்குறைய 15 பாகை செல்சியஸுக்குச் சூடாகும்போது ஆண் பாஸ் கரையோரம் வந்து, வாலால் விசிறிச் சேற்றை ஒதுக்கி, பரல் கற்களில் வட்டமாக ஒரு கூடு செய்யும். பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன் பிறகு முழுப் பொறுப்பும் தகப்பனுக்குத்தான். முட்டைகளுக்கு மேல் நின்று செட்டையால் விசிறிக்கொண்டே இருக்கும். முட்டை பொரித்து, குஞ்சுகள் கறுப்புப் புள்ளிகளாக மேலெழுந்த பின்னரும் கிழமைக்கணக்கில் அவற்றைச் சுற்றிக் காவல் நிற்கும். இந்தக் காலத்தில் அது சாப்பிடுவது மிகக் குறைவு. ஆனால் கூட்டுக்குக் கிட்ட எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். ஆகவே இந்த நாட்களில் அதைப் பிடிப்பது மிகச் சுலபம். அதுதான் ஆபத்து. தகப்பனைத் தூக்கிய சில நிமிடங்களிலேயே சன்பிஷ், பேர்ச் போன்ற மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். 1990இல் சென்ற். கிளயர் ஆற்றில் முதன்முதலாகக் காணப்பட்ட கோபி என்ற வந்தேறி மீனும் இப்போது பல இடங்களில் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது. களைத்துப்போன தகப்பனைத் திரும்ப விட்டாலும் சில வேளைகளில் அது கூட்டைக் கைவிட்டுப் போய்விடுகிறது. கிங்ஸ்ரனுக்கு வடக்கே ஒபினிகன் ஏரியில், குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் இருக்கும் இடத்தில், ஆய்வாளர்கள் தண்ணீருக்குள் இறங்கிப் பல ஆண்டுகளாகப் பார்த்து எழுதிவைத்த விடயங்கள் இவை. ஊரில் குளத்து விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு நிற்பதைக் கண்டவர்களுக்கு இதை நான் நீட்டி விளக்கத் தேவையில்லை.

வசந்தத் தொடக்கத்தில் இந்த மீனைச் சட்டப்படி பிடிக்கும் இடங்களும் இருக்கின்றன. நியூயோர்க் மாநிலத்தில் 2022 முதல், மூடிய காலமாக இருந்த மாதங்களிலும் செயற்கை இரையால் பிடித்து உடனே விட அனுமதிக்கிறார்கள். பென்சில்வேனியாவில் சஸ்குவஹானா ஆறு இதற்குப் புகழ்பெற்றது. அங்கும் பகுதிக்குப் பகுதி விதி வேறு. மற்றொன்று, இங்கே வழக்கு முடியாதவர்கள், பயணப் பத்திரம் இல்லாதவர்கள் மீனுக்காக எல்லையைத் தாண்டிவிடாதீர்கள். ஆறு எங்கேயும் ஓடிப்போகாது.

அங்கே அவர்கள் பிடிப்பது பிளை பிஷிங் என்ற முறையில். ஈத்தூண்டில் என்று சொல்லலாம். சாதாரணத் தூண்டிலில் இரையின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இங்கே மயிரும் இறகும் கட்டிய இரைக்குப் பாரமே இல்லை என்று சொல்லலாம். பாரம் தடித்த நூலில் இருக்கிறது. நூலைப் பின்னால் வீசி, அது நீண்டு விரியும் வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். வீச்சுவலை எறிந்து பழகியவர்களுக்கு அந்தப் பொறுக்கும் கணம் விளங்கும்.

பொப் கிளவுசர் என்பவர் 1980களில் சஸ்குவஹானா பாஸுக்கென்றே கட்டிய இரை கிளவுசர் மினோ. அதன் கண்கள் பாரமான உலோகக் குண்டுகள். இழுத்தால் ஓடும், நிறுத்தினால் தலைகீழாக அமிழும். வசந்தத் தொடக்கத்தில் அந்த அமிழுதல்தான் முக்கியம். தண்ணீர் 4, 5 பாகையில் இருக்கும்போது பாஸ் ஆழமான மடுக்களில் அசையாமல் கிடக்கும். பத்துப் பாகையை நெருங்கும்போதுதான் இரை தேடி நகரும். அப்போதும் வேகமான நீரோட்டத்துக்குள் போகாது. பெரிய கல்லின் பின்புறம், சுழி, வெயில் படும் மந்தமான கரையோரம், இவற்றில் நிற்கும். இரையை அடியில் ஊர்ந்து போகும்படி மெல்ல இழுக்க வேண்டும். மீன் கடிப்பதும் கடிபோல இருக்காது, நூல் கொஞ்சம் கனத்தது போல இருக்கும். காலையிலும் பார்க்க, தண்ணீர் சற்றுச் சூடேறிய பின்னேரம் நல்லது. இரவு சிவ்ற் முடித்து நித்திரை கொண்டு எழும்பும் எம் போன்றவர்களுக்கு வசதியான மீன்!

அப்படியானால் இங்கே சித்திரை, வைகாசியில் என்ன செய்வது? வீசப் பழகலாம். ஒன்பதடித் தடி, ஏழாம் அல்லது எட்டாம் இலக்க நூல் போதும். பழைய தடியைக் கராஜ் சேலில் மலிவாக வாங்கலாம். கொளுக்கி இல்லாமல் நுனியில் ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு பார்க் புல்லில் நின்று வீசுங்கள். எனக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் மெஷின் திருத்தும் போர்த்துக்கேயக் கிழவர். சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலைக் கார் தரிப்பிடத்தில் நிற்கவைத்துத்தான் சொல்லித்தந்தார். ஆற்றையும் போய்ப் பாருங்கள். மரங்களில் இலை வராத காலத்தில், நீர் வடிந்து தெளிந்த நாட்களில், எங்கே கல், எங்கே மடு என்று கரையிலிருந்தே நன்றாகத் தெரியும். தூண்டில் போட்டே ஆக வேண்டுமென்றால் சக்கர், கார்ப் போன்ற மீன்களுக்குப் போடலாம். ஆனால் சில இடங்கள் மீன் சரணாலயங்கள். எந்த மீனானாலும் அங்கே தூண்டில் போடக் கூடாத காலம் உண்டு.

ஆனால் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுகிறேன். எங்களில் பலருக்கு நீந்தத் தெரியாது. தெரிந்தாலும் இந்தக் குளிர் நீரில் சில நிமிடங்களிலேயே கையும் காலும் சொல்வழி கேளாது. கிறாண்ட் ஆற்றின் மேற்பகுதியில் 1942இல் கட்டி முடித்த ஷாண்ட் அணை இருக்கிறது. பனி கரையும் காலத்தில் அணைகளிலிருந்து நீர் திறக்கும்போது ஆறு சடுதியாக உயரும். பிள்ளைகளைக் கரைப் பனிக்கட்டியில் ஏறவிட வேண்டாம்.

அனுமதிப்பத்திரத்தைப் பற்றியும் சுருக்கமாக: 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி லைசென்சும் வேண்டும். இதற்குக் குடியுரிமை தேவையில்லை. தொடர்ந்து ஆறு மாதம் இங்கே வசித்திருந்தால் உள்ளூர்வாசிக் கட்டணம், இல்லையென்றால் கூடிய கட்டணம். அன்னையர் தின, தந்தையர் தின வார இறுதிகளில் கனடாவில் வசிப்பவர்களுக்கு லைசென்ஸ் இல்லாமலே பிடிக்கலாம் என்பதைக் கேள்விப்பட்டுச் சிலர் ஏமாந்துவிடுகிறார்கள். லைசென்ஸ் தேவையில்லை என்றால் தடை நீங்கிவிட்டது என்று அர்த்தமல்ல. அன்னையர் தினம் மே மாதத்தில். அன்று பாஸ் கூட்டில் இருக்கலாம். எத்தனை மீனைச் சாப்பிடலாம் என்று ஆறு ஆறாகச் சொல்லும் அரசாங்க வழிகாட்டியும் இருக்கிறது. கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் உள்ள வீட்டார் அதைப் பார்க்காமல் குழம்பு வைக்க வேண்டாம்.

ஜூனில் திறந்ததும் நண்டு போலக் கட்டிய மண்ணிற இரையைப் போடுங்கள். ஆற்று நண்டு என்றால் பாஸுக்கு உயிர். கரையோரத்தில் கறுப்புக் குஞ்சுக் கூட்டத்தோடு ஒரு மீன் இன்னும் நின்றால் அதை விட்டுவிட்டு நூறடி தள்ளிப் போய் வீசுங்கள். திறப்புச் சனிக்கிழமை விடியவே கார் தரிப்பிடங்கள் நிறைந்துவிடும். நான் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் போவேன்.