சக்கரங்களின் மேல் ஒரு வீடு

அடுப்பு, படுக்கை, குளியலறை, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அடங்கிய ஒரு வீடு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் இது வெறும் கற்பனை அன்று. 'ஆர்.வி.' என்று அங்கே சுருக்கமாக அழைக்கப்படும் வீட்டு வண்டிகளில், கோடை விடுமுறை வந்தால் குடும்பம் குடும்பமாக ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள்.

இந்த வண்டிகள் விரும்பிச் செல்லும் வழிகளில் ஒன்று கலிபோர்னியாவின் 1-ஆம் எண் நெடுஞ்சாலை. பசிபிக் கரையை ஒட்டி 1,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகவே இது நீளுகிறது. இதில் கார்மல் நகருக்கும் சான் சிமியனுக்கும் இடைப்பட்ட 'பிக் சர்' பகுதி 1937-இல் திறக்கப்பட்டது. ஒரு பக்கம் சான்டா லூசியா மலை. மறுபக்கம் செங்குத்தாக இறங்கும் கடற்கரை. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தாய், தந்தை, பாட்டி, இரண்டு குழந்தைகள் கொண்ட ஒரு குடும்பம் இவ்வழியே தெற்கு நோக்கிப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாமும் அவர்களோடு ஏறிக்கொள்வோம்.

கோடையில் போர்வை ஏன்?

ஜூலை மாதம்தான். ஆயினும் பாட்டி போர்வை கேட்கிறார். வெளியே ஒரே மூடுபனி. காரணம் கடலில் இருக்கிறது. வசந்தத்திலும் கோடையிலும் இக்கரையோரம் வடமேற்குக் காற்று வீசுகிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவதால், காற்று தள்ளும் மேல்மட்ட நீர் வலப்புறமாக, அதாவது கரையை விட்டு விலகிச் செல்கிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன் வெப்பநிலை கோடையிலும் சுமார் 12 டிகிரி செல்சியஸ்தான். இந்நீரின் மேல் தவழ்ந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்து, நுண்துளிகளாக மாறுகிறது. ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதும் இப்படித்தான்.

இப்பனியில் தந்தை வண்டியின் விளக்கைத் தாழ்த்திக்கொள்கிறார். விளக்கை உயர்த்தினால் துளிகளில் பட்ட ஒளி அவர் கண்ணுக்கே திரும்பி வந்து, பாதையை மறைத்துவிடும்.

இறக்கத்தில் காத்திருக்கும் ஆபத்து

பனி விலகுகிறது. சாலை சரிந்து இறங்குகிறது. நம் வண்டியின் எடை 6 டன் என்று கொள்வோம். தொட்டியில் 200 லிட்டர் நீர் ஏற்றினால் அதுவே 200 கிலோ அல்லவா? ஆகவே இவ்வெடை மிகையன்று. இவ்வண்டி 300 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 1 கோடியே 76 லட்சம் ஜூல். வேகம் கூடாமல் இருக்க வேண்டுமானால் இதில் பெரும்பகுதி வெப்பமாக மாற வேண்டும். அறை வெப்பநிலையில் உள்ள சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும்!

பிரேக்கை மட்டும் நம்பினால் இவ்வெப்பம் அதன்மேலேயே இறங்கும். பிரேக் பட்டைகள் பிடிப்பை இழக்கும்; பிரேக் திரவம் கொதித்துக் குமிழிகள் தோன்றினால், மிதியை அழுத்தினாலும் பயன் இராது. எனவே இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு மாறுகிறார் தந்தை. வண்டியின் வேகத்தை இப்போது இஞ்சினே இழுத்துப் பிடிக்கிறது.

நெருப்பால் பிறக்கும் குளிர்

மாலையில் முகாம் இடத்தில் வண்டி நிற்கிறது. உடனே தந்தை சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை வைத்து வண்டியை மட்டம் பார்க்கிறார். தூங்குவதற்கு வசதி என்று எண்ண வேண்டாம், குளிர்சாதனப் பெட்டிக்காகத்தான்.

பல வீட்டு வண்டிகளில் உள்ள பெட்டி மின்சாரம் இன்றி, எரிவாயுச் சுடராலும் இயங்கும். 1922-இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் ஆகிய இருவர் கண்ட அமைப்பு இது. நீரில் கரைந்த அம்மோனியாவைச் சிறு சுடர் சூடாக்குகிறது. பிரிந்து வரும் அம்மோனியா வாயு குழாய்களில் ஆறித் திரவமாகிறது. பின் அது ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் நுழைந்து வேகமாக ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டியின் உள்ளிருந்து எடுத்துக்கொள்வதால் பெட்டி குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் ஆவியாதலால்தானே! பிறகு நீர் அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ள, சுழற்சி மீண்டும் தொடங்குகிறது.

இதில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. திரவங்கள் தம் எடையாலேயே வழிந்து ஓட வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் திரவம் ஆங்காங்கே தேங்கி, சூடேறும் பகுதி வறண்டு பழுதாகிவிடும். புதிய வண்டிகள் பலவற்றில் மின்கலத்தால் இயங்கும் பெட்டிகள் வந்துவிட்டன. அவற்றுக்கு இந்தக் கவலை குறைவு.

தலைவலி சொல்லும் செய்தி

இரவு குளிர்கிறது. சன்னல்களை இறுக மூடிவிட்டு அடுப்பை ஏற்றி வைத்துக்கொண்டால் என்ன என்று பாட்டி கேட்கிறார். தாய் மறுத்துவிடுகிறார். அவர் செய்தது மிகச் சரி.

போதிய காற்றின்றி எரியும் எரிபொருள் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அடுப்பு, ஜெனரேட்டர், பழுதான ஹீட்டர் எதிலிருந்தும் இது வரலாம். நிறமும் மணமும் இல்லாத இவ்வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணைந்துகொள்ளும். இரத்தம் ஓடும், ஆனால் உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழக்கக்கூடும்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஆகியவை இதன் தொடக்க அறிகுறிகள். வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் குழந்தைக்குக் குமட்டினால் பயணக் களைப்பு என்றே நினைக்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. வண்டிக்குள் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி கண்டு, வெளிக்காற்றில் அது தணியுமானால், உடனே எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். மருத்துவ உதவியையும் நாட வேண்டும்.

இவ்வாயு ஏறக்குறையக் காற்றின் எடையே உள்ளதால் அறை முழுதும் கலந்து நிற்கும். எனவே இதற்கான எச்சரிக்கைக் கருவியைப் படுக்கை அருகே பொருத்துகிறார்கள். சமையலுக்கான புரொப்பேன் வாயுவோ காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் படியும். அதன் கருவி தரையை ஒட்டி இருக்கும். இவை சில ஆண்டுகளே உழைக்கும். காலம் முடிந்ததும் மாற்றிவிட வேண்டும்.

நகரும் மலை

மறுநாள் காலை புறப்படும் முன் தாய் முதலில் விசாரிப்பது, சாலை திறந்திருக்கிறதா என்பதே. பிக் சர் பகுதியின் பாறைகள் பல இடங்களில் நொறுங்கியவை. அடிவாரத்தை அலைகள் அரிக்கின்றன. மழைநீர் இடுக்குகளில் புகுந்து அழுத்தும்போது பாறைகளுக்கு இடையேயுள்ள பிடிப்பு தளர்கிறது. 2017 மே 20 அன்று மட் கிரீக் என்னுமிடத்தில் மலைச்சரிவு சாலையைப் புதைத்துக் கடலுக்குள் இறங்கியது. சுமார் 5 ஹெக்டேர் புதுநிலம் கடலில் உருவாயிற்று. சரிந்த மண்ணின் மேலேயே புதிய சாலை அமைத்து, 2018 ஜூலையில்தான் மீண்டும் திறந்தார்கள்.

ஊரில் நிலையாக நிற்கும் வீட்டில் மட்டத்தையும், எடையையும், காற்றோட்டத்தையும் நாம் நாள்தோறும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓடும் வீட்டில் இவை ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும். அந்தத் தாயும் தந்தையும் அப்படி எண்ணிப் பார்த்ததால்தான், பாட்டியும் பேரக்குழந்தைகளும் கவலையின்றிக் கடலைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.